உயர் நீதிமன்றம் வரை போன ஒரு பிடி அரிசி

நான் கூப்பிட்ட மாதிரியே, என்றைக்கும் என் 'இஞ்சாருங்கோ'வாகவே இருக்கிற உங்களுக்கு,

முடிவைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். படம் பார்க்கப் போனாலும், கடைசியில் என்ன நடக்கும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் கதிரையில் சாய்வீர்கள். இந்த முறை அது நடக்காது. நான் சொல்கிற ஒழுங்கில்தான் கேட்க வேண்டும். இவ்வளவு காலம் உங்களோடு குடும்பம் நடத்தியதற்கு அந்த உரிமையாவது எனக்கு இருக்கிறது.

உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறது. மகள் கவிதா கல்வெட்டு அடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஊரில் எல்லோரும் அடிக்கிற மாதிரிச் சின்னப் புத்தகம்தான். அட்டையில் உங்கள் படம், உள்ளே தேவாரம், கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லி நாலு வரி. "அம்மா, நீங்களும் ஏதேனும் எழுதுங்கோ" என்றாள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிப் பழக்கிய கை இது. எழுதத் தொடங்கினால் இலேசில் நிற்காது. ஊர் வாசிக்கப் போகிறது என்று தெரிந்தும் உங்களோடுதான் கதைக்கிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். நாங்கள் எதற்காக இத்தனை வருடம் நீதிமன்ற வாசலில் நின்றோம் என்று ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர். எங்கள் வயலுக்கு அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் இருந்தது. உங்கள் அப்பா தேயிலைத் தோட்டங்களில் பஞ்சம் வந்த காலத்தில், ஒரு தகரப் பெட்டியும் பெண்சாதி பிள்ளைகளுமாக மலையகத்தில் இருந்து வந்து இறங்கியவர். குளத்தடியில் காடாகக் கிடந்த காணியைக் காட்டி, "வெட்டித் திருத்தி இரு, இது உனக்குத்தான்" என்று சொன்னவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். காணியின் உறுதிப் பத்திரம் அவர் பெயரில். எங்கள் வீட்டில் பத்திரம் இருந்தது, உங்கள் வீட்டில் அந்தப் பெரியவரின் வார்த்தை மட்டும்தான் இருந்தது. நான் உங்களைக் கட்டப் போகிறேன் என்றபோது என் வீட்டில் நடந்த சண்டையில் பாதி இதற்காகத்தான்.

பெரியவர் வெளிநாடு போனார். அங்கேயே காலமானார் என்று கேள்விப்பட்டோம். உங்கள் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். போகுமுன் உங்களிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு அறுவடையிலும் முதல் மூடை அந்த மனிதருக்கு. அவர் இல்லாவிட்டால் அவர் பெயரில் குளக்கட்டுப் பிள்ளையாருக்கு. நீங்கள் அதை ஒரு போகமும் விட்டதில்லை. நான் புதுப் பெண்ணாக வந்த வருடம், களத்தில் முதல் மூடையைத் தனியாகத் தூக்கி வைத்ததைப் பார்த்துவிட்டு, இது யாருக்கு என்று கேட்டேன். "நம்மள மனுசரா நெனச்சவருக்கு" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, மறுபடி காடாகிக் கிடந்ததை மறுபடி வெட்டினோம். விளைச்சல் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகுதான் அந்த அழைப்பாணை வந்தது. பெரியவரின் மகன் வெளிநாட்டில் இருந்து வழக்குப் போட்டிருந்தார். காணி தன் தகப்பனுடையது, இருப்பவர்கள் எழும்ப வேண்டும். அவரில் முழுப் பிழை சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. உறுதியில் அவருடைய தகப்பனின் பெயர்தான் இருக்கிறது. தகப்பன் வாயால் சொன்னதை அந்தப் பிள்ளை கேட்டிருக்கவில்லை. ஆனால் எழும்பி நாங்கள் எங்கே போவது?

அழைப்பாணையை வைத்துக்கொண்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? கிளிநொச்சியில், நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிற எங்கள் சட்டத்தரணியின் சின்ன அலுவலகம். மின்விசிறி சத்தம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி, எதுக்கு இந்த இழுவை? நேரா கொழும்புக்கே போய்ட்டா என்ன? அங்கதான பெரிய கோடு. அவங்ககிட்டயே நான் சொல்லிர்றேன்."

தம்பி சிரிக்கவில்லை. அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

"ஐயா, நேர கொழும்புக்குப் போற வழக்கும் இருக்கு. அரசாங்கம் உங்கட அடிப்படை உரிமையை மீறினா, ஒரு மாதத்துக்குள்ள நேர உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். ஒரு சட்டமூலம் அரசியலமைப்புக்கு ஒத்துவருமோ இல்லையோ எண்டு பாக்கிறதும் அங்கதான். இது அப்பிடியில்லை. ரெண்டு ஆக்களுக்கு இடையில காணிப் பிரச்சினை. இது இஞ்ச, மாவட்ட நீதிமன்றத்திலதான் தொடங்கோணும். தோத்த ஆள் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போவார். அங்கயும் சரிவராட்டிக் கொழும்பு. அதுவும் அவை அனுமதி தந்தாத்தான்."

"அனுமதியா? நம்ம கஷ்டத்தச் சொல்லவா?"

"கஷ்டத்தை, நீங்கள் இஞ்ச சொன்ன சாட்சியத்தில இருந்துதான் அவை வாசிப்பினம், ஐயா. ஒரு சட்டக் கேள்வி இருந்தாத்தான் வழக்கையே எடுப்பினம்."

வீட்டுக்கு வந்தோம். சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, "குளத்துத் தண்ணி மேலேருந்து வாய்க்காலால கீழ வரும். வழக்கு என்னடான்னா வயல்லேருந்து குளத்துக்கு ஏறுது" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குத்தான் இந்த நாட்டின் நீதிமன்றங்கள் எனக்கும் விளங்கத் தொடங்கின. அதுவரைக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் 'கோடு' என்றுதான் நினைத்திருந்தேன். அடிதடி, களவு என்றால் நீதவான் நீதிமன்றம். காணி என்றால் மாவட்ட நீதிமன்றம். இரண்டும் ஒரே மதிலுக்குள் இருந்தாலும் வேறு வேறு வாசல் என்பதுகூட எனக்குத் தெரியாது. நாட்டின் கடைசி நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தை எல்லோரையும் கூப்பிட்டு விசாரிக்கிற பெரிய பொலிஸ் நிலையம் மாதிரித்தான் மனதில் வைத்திருந்தேன்.

நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறிய நாளை இனிச் சொல்ல வேண்டும். அதை நீங்கள் பின்னால் இருந்து பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினீர்கள். கழற்ற வேண்டியதில்லை என்று அங்கிருந்த ஊழியர் சொன்னதும் ஒற்றைச் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடினீர்கள். பெண் நீதிபதி பார்த்துக்கொண்டிருக்க, ஒற்றைச் செருப்போடேயே நின்று பதில் சொன்னீர்கள். உங்கள் பதில்கள் நன்றாகத்தான் போயின. யார் காடு வெட்டியது, யார் கிணறு தோண்டியது, எந்த எல்லையில் எந்தப் பாலை மரம். பிறகு மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி எழும்பினார். குரலை உயர்த்தாமல், மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"விளைச்சலில் பெரியவருக்கு எப்போதாவது ஏதாவது கொடுத்தீர்களா?"

"ஓமுங்க. எப்பவும் குடுப்போம். மொத மூடை அவருக்குத்தான்."

எங்கள் தம்பி கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். பத்து வருடத்துக்கு மேல் ஒருவன் தன் காணி என்றே ஆண்டு வந்தால் சட்டம் அவன் பக்கம் நிற்கும். ஆனால் அந்தக் காலத்தில் உறுதிக்காரருக்கு வாடகையோ விளைச்சலில் பங்கோ கொடுத்திருந்தால், காணி அவருடையதுதான் என்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி. நீங்கள் பெருமையாகச் சொன்ன ஒரு வரி, எங்கள் வீட்டின் அடித்தளத்தையே தோண்டிவிட்டது. அந்த மூடையைப் பற்றி வழக்குக்கு முன் தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. கோயிலுக்குக் கொடுப்பதை யார் சட்டத்தரணியிடம் சொல்வார்கள்?

அவர் உட்கார்ந்த பிறகு நீதிபதி தானே கேட்டார்.

"அந்த மூடையை யாரிடம் கொடுத்தீர்கள்?"

"புள்ளையார் கோயிலுக்குங்கம்மா. அன்னதானத்துக்கு. அவங்கதான் வெளிநாடு போய்ட்டாங்களே."

"அவர் கேட்டாரா? அவருடைய ஆட்கள் யாராவது வந்து கேட்டார்களா?"

"இல்லீங்கம்மா. எங்கப்பா சொன்னாரு."

"விளைச்சல் இல்லாத வருடங்களில்?"

"இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாம்ல இருந்தப்ப நெல்லு எங்கங்கம்மா. நிவாரண அரிசிதான். அதுல ஒரு பிடி எடுத்து வச்சேன். பக்கத்துக் கூடாரத்துப் புள்ளைங்களுக்குக் கஞ்சியில போட்டுக் குடுத்தோம். அவரு பேருல."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

அந்த ஒரு பிடிக்காக முகாமில் நான் உங்களோடு பிடித்த சண்டை எனக்குத்தான் தெரியும். "இஞ்ச எங்களுக்கே காணாது, இதில ஆருக்கு எடுத்து வைக்கிறியள்" என்று கத்தினேன். நீங்கள் அரிசி வைத்திருந்த தகரப் பேணிக்குள் கையை விட்டு எடுத்தீர்கள். அந்தப் பிடி ஒருநாள் ஒரு நீதிமன்றத்தில் எழுதப்படும் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவர்களோடும் சண்டை பிடித்திருப்பேன்.

கிளிநொச்சியில் நாங்கள் வென்றோம். வாடகை கொடுக்கிறவன் யாரும் கேட்காமல், வாங்க ஆள் இல்லாமல், முகாமில் கிடந்துகொண்டு கொடுக்க மாட்டான் என்பது நீதிபதியின் முடிவு. உங்களை நம்புவதாக அவர் எழுதியிருந்தார். சாட்சி சொன்ன விதத்தைத் தானே பார்த்ததாகவும் எழுதியிருந்தார். அந்த வரியைத் தம்பி வாசித்தபோது நீங்கள் வெட்கப்பட்டுக் காதைச் சொறிந்தீர்கள்.

மேல் நீதிமன்றத்தில் தோற்றோம். அங்கே இரண்டு நீதிபதிகள். அவர்கள் முன்னால் நீங்கள் இல்லை, உங்கள் வார்த்தைகள் தட்டச்சில் இருந்தன. 'மொத மூடை அவருக்குத்தான்' என்று தாளில் இருக்கிறது. தாளை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் படும். விளைச்சலில் பங்கு கொடுத்திருக்கிறார், ஆகவே காணி மற்றவருடையது. முகாம் அரிசியை அவர்கள் பெரிதாக எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் கவிதா அச்சிடமாட்டாள்.

அதற்குப் பிறகு வந்த காலபோக அறுவடையை நான் இன்னும் மறக்கவில்லை. வழக்குக் கொழும்புக்குப் போகப் போகிறது, இனிமேல் அந்த மூடையை எடுத்து வைக்க வேண்டாம் என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னொருக்கா எடுத்து வைச்சா, வழக்கு நடக்கிற நேரத்திலயும் வாடகை குடுக்கிறியள் எண்டு சொல்லுவினம், ஐயா. கொஞ்சக் காலம் பொறுங்கோ." அவர் சொன்னது சரிதான். இயந்திரம் அறுத்துக் கொட்டிய நெல்லுக்கு முன்னால் நீங்கள் நின்றீர்கள். முதல் மூடையைக் கட்டினீர்கள். தூக்கினீர்கள். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றீர்கள். நான்தான் வந்து மற்ற மூடைகளோடு சேர்த்து வைக்கச் சொன்னேன்.

"அப்பாகிட்ட சொல்லிருக்கேன் புள்ள" என்றீர்கள்.

"வழக்கு முடியட்டும். பிறகு சேர்த்துக் குடுப்பம்" என்றேன்.

உங்களுக்கு அந்தப் 'பிறகு' கிடைக்கவில்லை. சிறுநீரக வருத்தம் எங்கள் பக்கத்தில் புதிதில்லை. ஆனாலும் உங்களுக்கு அது இவ்வளவு கெதியாக வரும் என்று நான் நினைக்கவில்லை. வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தும் கொழும்புக்குப் போவதைப் பற்றித்தான் கதைத்தீர்கள். வெள்ளை வேட்டியைத் தோய்த்து வைக்கச் சொன்னீர்கள். பெரிய நீதிபதிகளிடம் முதல் மூடை ஏன் என்று நீங்களே சொல்ல வேண்டுமாம். அங்கே உங்களை யாரும் கூண்டில் ஏற்றிக் கேட்கமாட்டார்கள் என்று தம்பி எனக்குச் சொல்லியிருந்தார். நான் உங்களுக்கு அதைச் சொல்லவில்லை. வேட்டியைத் தோய்த்து அலுமாரியில் வைத்தேன். அதையே பிறகு உங்களுக்குக் கட்டிவிட்டோம்.

நீங்கள் போன பிறகு ஒரு புதுமை நடந்தது. ஆள் இறந்தாலும் வழக்கு இறக்காதாம். இறந்தவரின் இடத்தில் ஒருவரை வைக்க வேண்டும். அதற்குப் பதிலீடு என்று பெயர். அதற்கான சத்தியக்கடதாசியில் சத்தியம் செய்து கையெழுத்து வைக்கப் போன இடத்தில், இறந்தவரின் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்தானே. கவிதா சொல்ல வாய் எடுத்தாள், அவர்கள் விடவில்லை. நானே சொல்ல வேண்டுமாம். சொன்னேன். சொன்ன பிறகுதான் நீங்கள் இல்லை என்பது எனக்கு முழுதாக உறைத்தது. செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை.

அன்றில் இருந்து நான் 'பதிலீடு செய்யப்பட்ட எதிராளி'. கொழும்புத் தாள்களில் எல்லாம் உங்கள் பெயர், அதற்குக் கீழே உங்கள் இடத்தில் நான்.

உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது. விசாரணைக்கு நானும் கவிதாவும் ரயிலில் போனோம். கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் இறங்கியதும் கறுப்புக் கோட்டுகள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. ஆட்சியையே அசைக்கிற வழக்குகள் எல்லாம் நடக்கிற கட்டடம் அது. தொலைக்காட்சியில் அந்தப் படிகளைத்தான் காட்டுவார்கள். அந்தப் படிகளில் நான் உங்கள் குடையை ஊன்றிக்கொண்டு ஏறினேன். சுவரில் ஒட்டியிருந்த தாளில் கவிதா விரலை வைத்து எங்கள் வழக்கைத் தேடிக் காட்டினாள். எத்தனையோ பெரிய பெயர்களுக்கு நடுவில் குளத்தடிக் காணியும் ஒரு வரியில் நின்றது.

மூன்று நீதியரசர்கள் வந்து இருந்தார்கள். நான் மன்று முழுவதும் கண்ணால் தேடினேன். நீங்கள் ஏறியது போல ஒரு கூண்டு எங்கேயாவது இருக்கிறதா என்று. எங்களைப் போன்றவர்கள் ஏறி நிற்க அங்கே ஒரு இடமும் இல்லை. மேசைகள், தாள்கள், சட்டத்தரணிகள், அவ்வளவுதான். நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்தில் சாட்சி என்று ஒருவருமே இல்லை. இவர்கள் எங்கே இருந்து உண்மையைப் பிடிக்கப் போகிறார்கள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

எல்லாம் ஆங்கிலத்தில். கவிதா காதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். காணி யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மேலே ஏற ஏறக் கேள்விகள் எல்லாம் உதிர்ந்து, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. ஆளை நேரில் பார்த்துக் கேட்ட கிளிநொச்சி நீதிபதியின் முடிவை, ஆளைப் பார்க்காத மேல் நீதிமன்றம் தாளை வைத்து மாற்றலாமா? கவிதா அதைச் சொன்னபோது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, உங்கள் காடு வெட்டிய கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையா?

பிறகு நடுவில் இருந்த நீதியரசர் ஏதோ கேட்டார். எங்கள் பக்கத்து மூத்த சட்டத்தரணி தடித்த வழக்கேட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தை எடுத்து, நிதானமாக வாசிக்கத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கவிதாவும் சொல்வதை நிறுத்திவிட்டாள். அந்த ஆங்கிலத்துக்கு நடுவில் ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. செட்டிகுளம்.

அது உங்கள் சாட்சியம் இருந்த பக்கம். நீங்கள் ஒற்றைச் செருப்போடு நின்று சொன்னது. கிளிநொச்சியில் தமிழில் எழுதி, மேலே ஏறும்போது ஆங்கிலமாகி, கொழும்பில் மூன்று நீதியரசர்களுக்கு முன்னால் நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். கவிதா என் கையைப் பிடித்திருந்தாள். மூன்று பேரும் எழுதாமல் கேட்டார்கள். கூண்டு இல்லை என்று நினைத்தேனே, அந்தக் கூண்டு கிளிநொச்சியிலேயே இருந்தது. அங்கே நீங்கள் சொன்னதைத்தான் இங்கே கேட்கிறார்கள். அங்கே அந்த நீதிபதி அம்மா கேட்காமல் விட்டிருந்தால், நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால், அதை இங்கே புதிதாகச் சேர்க்க இவர்களாலும் முடியாது. எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் கீழே எழுதியதில்தான் இவர்கள் நிற்கிறார்கள்.

தீர்ப்பு அன்றைக்கு வரவில்லை. மாதங்கள் போயின. ஒரு பகல், முன்பள்ளியில் சத்துணவு கொடுத்துக்கொண்டிருந்தேன். தம்பி தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, இருக்கிறியளோ, நிக்கிறியளோ?"

"பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்கிறன். சொல்லுங்கோ."

"மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு சரியெண்டு சொல்லிப்போட்டினம். காணி உங்களுக்குத்தான். ஐயா சொன்ன முகாம் அரிசியையும் எழுதியிருக்கினம்."

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். இதோ, முடிவைச் சொல்லிவிட்டேன். இனிச் சாய்ந்து இருங்கள்.

சந்தோசத்துக்கு முதல் எனக்குக் கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல இவர்களுக்கு இவ்வளவு காலம் வேண்டுமா? நீங்கள் கட்டிலில் கிடந்தபோது வந்திருக்கக்கூடாதா? அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றத்திலும் மனுப் போட முடியாது என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். சாயந்தரம் கவிதா தீர்ப்பைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது கோபம் கொஞ்சம் இறங்கியது. சாட்சியை முகத்துக்கு முகம் கண்ட நீதிபதியின் முடிவைத் தகுந்த காரணம் இல்லாமல் மேலே இருப்பவர்கள் புரட்டக்கூடாது என்பதுதான் அதன் சாரம். யாரும் கேட்காமல் ஒருவன் நன்றிக்காகக் கொடுப்பது, காணியை மற்றவருக்கு ஒப்புக்கொடுத்த மாதிரி ஆகாது என்றும் இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம், கிளிநொச்சியில் உங்களைப் பார்த்த அந்த அம்மா சொன்னதுதான் சரி என்று தலையசைத்திருக்கிறது.

வழக்கேடும் திரும்பி வந்துவிட்டது. தீர்ப்பைக் கொழும்பு எழுதினாலும் அதை நிறைவேற்றுவது கிளிநொச்சிதான். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. நீங்கள் சொன்னது பாதிதான் சரி. வழக்கு வயலில் இருந்து ஏறியது உண்மை. தீர்ப்பு வாய்க்காலால்தான் இறங்கி வருகிறது. அது எங்கள் வயலோடு நிற்கவும் இல்லை.

போன கிழமை செட்டிகுளத்தில் இருந்து ஒரு பெண் வந்தாள். உங்கள் பக்கத்து ஆட்கள்தான், தாய் தகப்பன் மலையகத்தில் இருந்து வந்தவர்கள். அவளுக்கும் எங்களைப் போல ஒரு வழக்கு. காணிக்காரருக்கு வருடா வருடம் தேங்காய் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

"உங்க வீட்டுக்காரரு கேசத்தான் எங்க லோயர் காட்டப் போறாராம். அதான் ஒருக்கா பாத்துட்டுப் போவோம்னு வந்தேங்க" என்றாள்.

உயர் நீதிமன்றம் ஒன்றைச் சொன்னால் கீழே இருக்கிற எல்லா நீதிமன்றங்களும் அதைக் கேட்டு நடக்க வேண்டுமாம். அவளுடைய வழக்கு அதனால் வெல்லுமா என்று எனக்குத் தெரியாது. கையில் கொடுத்த தேங்காயும் கோயிலுக்குப் போன நெல்லும் ஒன்றா என்று அவளுடைய நீதிபதிதான் பார்க்க வேண்டும். நான் அவளுக்கு ஒன்றுதான் சொன்னேன். "மேல போய்ச் சொல்லலாம் எண்டு ஒண்டையும் மிச்சம் வைக்காதைங்கோ பிள்ளை. எல்லாத்தையும் இஞ்சயே சொல்லுங்கோ." உங்கள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள்.

பெரியவரின் மகனிடம் இருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் தோற்றதில் எனக்குச் சந்தோசம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவருடைய தகப்பன் இல்லாவிட்டால் நீங்கள் இந்த ஊருக்கே வந்திருக்கமாட்டீர்கள். அதையும் மறக்க முடியாது. தகப்பனின் பெயரில் இனி நான் நெல் கொடுத்தால் அவருக்கு அது நன்றியாகப் படுமா, நக்கலாகப் படுமா? தெரியவில்லை. உங்களிடம் கேட்டிருந்தால், "குடுக்கிறது நம்ம வேலை புள்ள" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள்.

நெல் முற்றிவிட்டது. திவசத்துக்கு முன் அறுவடை முடிந்துவிடும். இயந்திரத்துக்குச் சொல்லியாயிற்று. முதல் மூடையை நான் தனியாகத் தூக்க ஏலாது, கவிதா ஒரு பக்கம் பிடிப்பாள். நீங்கள் தூக்கி வைத்துக்கொண்டு இடம் தெரியாமல் நின்றீர்களே, அதே களத்தில் இருந்துதான் எடுத்துக்கொண்டு போவோம். குளக்கட்டுப் பிள்ளையாரிடம் இறக்கி வைத்து, யார் பெயரில் என்று ஐயர் கேட்டால் பெரியவரின் பெயரைச் சொல்வேன். சத்தமாகவே சொல்வேன். இனிப் பயப்பட ஒன்றும் இல்லை. வழக்குக்காகக் கொடுக்காமல் விட்ட மூடைகளையும் சேர்த்துக் கொடுப்பேன். 'பிறகு' என்று உங்களுக்குச் சொன்னவள் நான்தானே.

அதற்குப் பிறகு, திவசத்துக்கு அரிசி அளக்கும்போது, தனியாக ஒரு பிடி எடுத்து வைப்பேன். அது உங்கள் பெயரில். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கஞ்சியில் போட்டுக் கொடுப்பேன். எங்களுக்குக் காணுமோ காணாதோ என்று இந்த முறை பார்க்கமாட்டேன். நான் இருக்கும்வரை அது நிற்காது. யார் பெயரில் என்று பிள்ளைகள் கேட்டால், உங்கள் பெயரை என் வாயாலேயே சொல்வேன்.

உங்கள் இடத்தில் வைக்கப்பட்டு, அந்த இடத்திலேயே நிற்கிற,
உங்கள் மனைவி
சரோஜினி
குளத்தடி, கிளிநொச்சி